நீதிபதி வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்



நீதி என்றாலே நமக்கு உடனே ஞாபகம் வருவது மனுநீதிச் சோழன்தான். சமய வகுப்பில் எத்தனை தடவை கேட்டாலும் அலுக்காத கதை அது. கன்றை இழந்த பசு வந்து மணி அடித்தது. ராஜா தன் சொந்தப் பிள்ளை மேலேயே தேரை ஓட்டினார். ஆனால் அன்று ராத்திரி அவர் அரண்மனைக்குள் போய் ராணியிடம் என்ன சொன்னார்? அதைக் கதை நமக்குச் சொல்வதில்லை. நீதிபதியின் வீட்டுக்குள்ளே நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

இளைஞர் முகாம் ஒன்றில் சட்டமும் தர்மமும் என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எல்லாரும் சொல்கிற கதையையே நானும் சொல்ல வேண்டாமே என்று அமெரிக்காவின் ஜான் மார்ஷலை எடுத்துக்கொண்டேன். 34 வருஷம் அந்த நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். 500க்கும் மேற்பட்ட தீர்ப்புகளைத் தம் கையால் எழுதியவர். தீர்ப்புகளைப் படித்துக் குறிப்பு எடுத்து வைத்தேன். பேச்சு தயார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவருடைய கடிதங்களைப் படித்தேன். என் குறிப்பில் பாதியைக் கிழித்துப் போட வேண்டியதாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1755 செப்டம்பர் 24ஆம் தேதி, வர்ஜீனியாவின் மேற்குப் பக்கக் காட்டோரக் கிராமம் ஒன்றில் மார்ஷல் பிறந்தார். பதினைந்து பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தாமஸ் மார்ஷல் நில அளவையாளர். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். மிச்சமெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தது. பிரிட்டனை எதிர்த்துச் சுதந்திரப் போர் வந்தபோது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். 1777 கடைசியில் தொடங்கிய குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் பாசறையில் வாஷிங்டனின் படை பசியிலும் குளிரிலும் வாடியதே, அங்கே மார்ஷலும் இருந்தார்.

1780இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்ற பெரிய ஆசிரியரிடம் சட்டம் படித்தார். மொத்தமே சில மாதங்கள். அந்த நோட்டுப் புத்தகம் இன்றும் இருக்கிறது. சட்டக் குறிப்புகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரைத் திரும்பத் திரும்பக் கிறுக்கி வைத்திருக்கிறார். நம் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் செய்கிற அதே வேலைதான்! அந்தப் பெண் மேரி ஆம்ப்ளர். வீட்டில் கூப்பிடுகிற பெயர் பாலி. 1783 ஜனவரி 3ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளைக்கு 27 வயது, பெண்ணுக்கு 16.

பிறகு ரிச்மண்டில் லோயர் வேலை. நல்ல பெயர், நல்ல வருமானம். 1797இல் அரசாங்கத் தூதராக பாரிஸுக்குப் போனார். அங்கே பேச்சுவார்த்தை தொடங்கவே லஞ்சம் வேண்டும் என்று கேட்டார்கள். இவரும் கூட வந்தவர்களும் கொடுக்க மறுத்தார்கள். ஊர் திரும்பியபோது நாடே கொண்டாடியது. 1799இல் காங்கிரஸ் உறுப்பினர், 1800இல் வெளியுறவு அமைச்சர், 1801இல் தலைமை நீதிபதி. வெளியே இருந்து பார்த்தால் படிப்படியாக ஏறிய வாழ்க்கை. வீட்டுக்குள் கதை வேறு.

சிரிக்க வைக்கும் கடிதத்தில் இருந்து தொடங்குகிறேன். அந்தக் காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் தலைநகரிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வழக்கு கேட்க வேண்டும். 1803 ஜனவரி 2ஆம் தேதி, வட கரோலினாவின் ராலே நகரத்தில் இருந்து மார்ஷல் பாலிக்கு எழுதுகிறார். கையில் இருக்கும் காசை எண்ணிப் பார்த்தால் பதினைந்து வெள்ளி டாலரைக் காணோம். சட்டைப் பை தைத்துத் தைத்து நைந்து போனது; காசு அதைப் பொத்துக்கொண்டு கரோலினா மணலில் விடுதலை தேடிப் போய்விட்டது என்கிறார். சரி, போனது போகட்டும் என்று கோர்ட்டுக்குக் கிளம்ப, உடுப்பை எடுக்கச் சொல்கிறார். வேலை செய்கிற பீட்டர் பெட்டியைத் துழாவுகிறார், துழாவுகிறார், வேர்த்துக் கொட்டுகிறது. கடைசியில் பார்த்தால் கோர்ட்டுக்குப் போடுகிற சிலுவாரே பெட்டியில் இல்லை! ஊரில் இருக்கிற தையல்காரர்களையெல்லாம் கேட்டாயிற்று. எல்லாருக்கும் வேலை தலைக்கு மேலே. ஒருத்தரும் தைத்துத் தர மாட்டேன் என்கிறார்கள். ஆக, நாட்டின் தலைமை நீதிபதி அந்தத் தவணை முழுக்க அப்படியே சமாளிக்க வேண்டியதாகிவிட்டது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக மனைவிக்கு எழுதினார்? அவரைச் சிரிக்க வைக்கத்தான். பாலி சிரிப்பது அந்த வீட்டில் அவ்வளவு அரிதாகிப் போயிருந்தது.

அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கு பேர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். பாலியின் உடம்பும் மனசும் நொறுங்கிப் போயின. சின்னச் சத்தம்கூட அவருக்குத் தாங்காது. நாய் குரைத்தால் தாங்காது, மணி அடித்தால் தாங்காது. மார்ஷல் வீட்டுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு மாடிப்படி ஏறுவாராம். இன்று நாம் மன அழுத்தம், மனநோய் என்று பெயர் சொல்லிப் பேசுகிறோம், டாக்டரிடம் போகிறோம். அன்று அப்படி ஒன்றும் கிடையாது. புருஷன் செய்ய முடிந்தது சத்தம் போடாமல் நடப்பதும், வெளியூர் போனால் கடிதம் எழுதுவதும்தான். அதை அவர் நாற்பது வருஷத்துக்கும் மேலாகச் செய்தார்.

அந்த ராலே கடிதத்தை எழுதி எட்டு வாரம்கூட ஆகவில்லை. 1803 பிப்ரவரி 24ஆம் தேதி, மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். வேடிக்கை பாருங்க, அந்த வழக்கின் வேரும் ஒரு கடிதம்தான். போய்ச் சேராத கடிதம்.

1801 மார்ச் தொடக்கத்தில் அதிபர் ஜான் ஆடம்ஸ் பதவி விட்டுப் போகிற நேரம். போகிறபோது தலைநகரப் பகுதிக்கு 42 பேரை, நம் ஊரில் ஜே.பி. என்று சொல்வோமே அந்த மாதிரிப் பதவிக்கு நியமித்தார். நியமனக் கடிதத்தில் அதிபர் கையெழுத்துப் போட்டாயிற்று. வெளியுறவு அமைச்சர் முத்திரையும் வைத்தாயிற்று. ஆனால் சில கடிதங்கள் உரியவர் கைக்குப் போகாமல் ஆபீசிலேயே தங்கிவிட்டன. புதிதாக வந்த அதிபர் ஜெஃபர்சன் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த வெளியுறவு அமைச்சர் யார் தெரியுமா? மார்ஷலேதான். தலைமை நீதிபதி ஆன பிறகும் ஒரு மாதம் அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிதங்களில் சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டவர் அவருடைய சொந்தத் தம்பி ஜேம்ஸ். அதே மார்ச் மாதம் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் மார்ஷல் வருத்தப்படுகிறார். கையெழுத்தும் முத்திரையும் விழுந்துவிட்டால் நியமனம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடைசி நேர அவசரத்திலும் ஆபீசில் ஆள் இல்லாததாலும் அனுப்பாமல் விட்டுவிட்டேன் என்ற பொருளில் எழுதுகிறார்.

கடிதம் கிடைக்காத வில்லியம் மார்பரியும் இன்னும் மூன்று பேரும் உச்ச நீதிமன்றத்துக்கே வந்தார்கள். மார்ஷல் சொன்ன தீர்ப்பு இதுதான்: மார்பரிக்கு அந்தக் கடிதத்தில் உரிமை உண்டு. ஆனால் இப்படிப்பட்ட வழக்கை நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவரலாம் என்று காங்கிரஸ் 1789இல் போட்ட சட்டப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை. ஒத்துவராத சட்டம் செல்லாது. அது செல்லாது என்று சொல்வது நீதிமன்றத்தின் கடமை.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். நம் மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எடுத்துப் பாருங்க. அரசமைப்புச் சட்டம்தான் நாட்டின் தலையாய சட்டம், மெர்டேக்காவுக்குப் பிறகு வந்த எந்தச் சட்டமும் அதற்கு முரணாக இருந்தால் முரண்படுகிற அளவுக்குச் செல்லாது என்று அது சொல்கிறது. நம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைச் சொல்கிற 11ஆம் பிரிவும் அந்தக் கூரையின் கீழேதான் நிற்கிறது. எழுதி வைத்த சட்டத்தை மக்கள் மன்றமும் மீறக்கூடாது, மீறினால் நீதிமன்றம் கேட்கும் என்ற எண்ணத்தை உறுதியாக நாட்டிய பழைய தீர்ப்புகளில் முதன்மையானது மார்பரி வழக்கு. அதே சமயம், தாமே முத்திரை வைத்து, தாமே அனுப்ப மறந்த கடிதத்தைப் பற்றிய வழக்கை மார்ஷல் தாமே கேட்டிருக்கலாமா என்று இன்றுவரை கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

இனி, என் பேச்சையே மாற்ற வைத்த கடிதத்துக்கு வருகிறேன்.

மார்ஷலுக்கு ஜோசப் ஸ்டோரி என்று ஒரு சக நீதிபதி. மார்ஷலைவிட 24 வயது சின்னவர். 1811இல், 32 வயதிலேயே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தவர். இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி. மார்ஷல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியதே 1827இல் ஸ்டோரி கேட்டதற்காக அனுப்பிய கடிதமாகத்தான். 1831இல் ஸ்டோரியின் சின்ன மகள் இறந்துபோனாள். துக்கத்தில் அவர் மார்ஷலைக் கேட்டார், உங்களுக்கு இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த அனுபவம் உண்டா என்று. ஜூன் மாதம் மார்ஷல் பதில் எழுதினார். அப்போது அவருக்கு 75 வயது. 1792இல் நடந்ததை, 39 வருஷம் கழித்து எழுதுகிறார்.

அந்த வருஷம் ஒரு மகள் இறந்தாள். இரண்டு வாரத்துக்குள் கைக்குழந்தை மகனும் சாகக் கிடந்தான். கதறிய பாலியை மார்ஷல் படுக்கைப் பக்கத்தில் இருந்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளே இருந்து ஒரு குரல் கேட்டது. பிள்ளை போய்விட்டது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். மார்ஷல் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தார். குழந்தைக்கு இன்னும் மூச்சு இருந்தது.

இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? பிழைக்காது என்று தெரிகிறது. பிள்ளை செத்த வேதனையைத் தாய் ஒரு தடவை அனுபவித்து முடித்தாயிற்று. உயிர் இருக்கிறது என்று சொன்னால் அதே வேதனையை இன்னொரு தடவை அனுபவிக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. மறைத்துவிட்டார். பாலியைச் சமாதானப்படுத்திப் பக்கத்திலேயே இருந்த அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குழந்தை இன்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்தது. அந்த இரண்டு நாளும் தனியாக அதன் பக்கத்தில் இருந்தார். ஒருவேளை பிழைத்துவிட்டால், ஓடிப்போய்ப் பாலியிடம் சொல்லலாமே என்ற நப்பாசையும் இருந்தது என்று எழுதுகிறார். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த வீட்டுக்குத் திரும்ப பாலியால் முடியவில்லை. இரண்டு வாரம் அம்மா வீட்டிலேயே இருந்தார். பக்கத்திலேயே இருக்கிற மனைவிக்கு மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கடிதம் எழுதினார், பாட்டாக. போன பிள்ளைகளைப் பற்றி, இருக்கிற பிள்ளைகளைப் பற்றி, கடவுள் மேல் வைக்க வேண்டிய நம்பிக்கையைப் பற்றி எழுதி, என்னிடமும் பிள்ளைகளிடமும் திரும்பி வா என்று கூப்பிட்டு முடித்தார்.

அவர் செய்தது சரியா? பெற்ற தாய்க்குத் தன் குழந்தையின் கடைசி இரண்டு நாள் உரிமை இல்லையா? நான் முகாமில் இதைக் கேட்டபோது பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சத்தியமே பெரியது என்று ஒரு பக்கம். அன்பினால் மறைத்தது தப்பில்லை என்று இன்னொரு பக்கம். எனக்கு இன்னமும் தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. சொல்லாமலே 39 வருஷம் சுமந்தார் என்று மட்டும் தோன்றுகிறது. கூட வேலை பார்க்கிற ஒருத்தரின் துக்கத்துக்கு ஆறுதல் சொல்லும்போதுதான் அந்த மூட்டையை அவிழ்த்தார்.

ஆனால் கடிதங்கள் ஒரு மனிதரின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. ராலேயில் பெட்டியைத் துழாவி வேர்த்துப் போனாரே பீட்டர், அவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர் இல்லை. அடிமை. மார்ஷல் ரிச்மண்ட் வீட்டிலும் தோட்டங்களிலும் அடிமைகளை வைத்திருந்தார். காசு கொடுத்து வாங்கிய கணக்கும் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. 1825இல் ஆன்டெலோப் என்ற கப்பல் வழக்கில், அடிமை வியாபாரம் இயற்கை நீதிக்கு விரோதமானது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் நாடுகளுக்கு இடையிலான சட்டம் அதைத் தடுக்கவில்லை என்றும் அதே தீர்ப்பில் எழுதினார். தர்மம் எது என்று தெரிந்தே, சட்டத்தின் பக்கம் நின்றுவிட்டார்.

முதலில் அந்தச் சிலுவார் கதையைப் படித்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது பீட்டரின் நெற்றியில் வேர்வை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. எஜமான் திட்டினார் என்றும் கடிதத்தில் இருக்கிறது. அந்த நாளைப் பற்றிப் பீட்டர் என்ன நினைத்தார்? அதைச் சொல்ல ஒரு கடிதமும் இல்லை. மார்ஷலின் கடிதங்களும் தீர்ப்புகளும் 12 தொகுதிகளாகப் புத்தகமாகிவிட்டன. பாலி எழுதியவற்றில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை. பீட்டருக்கு ஒரு வரிகூட இல்லை. சரித்திரம் படிக்கும்போது எழுதியவர் குரலை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது என்று எனக்குப் புரிய வைத்தது அந்தக் கடிதம்தான்.

கடைசிக் காலத்தில் மார்ஷலுக்கே நம்பிக்கை தளர்ந்தது. 1832 மார்ச்சில், செரோக்கி பழங்குடி மக்களின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். மாநிலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் செப்டம்பரில் ஸ்டோரிக்கு எழுதும்போது, நம் அரசமைப்பு நிலைக்காது என்ற முடிவுக்கு மெல்ல மெல்ல, மனசில்லாமல் வருகிறேன் என்ற பொருளில் எழுதினார். சில வருஷத்தில் செரோக்கி மக்களை அவர்கள் மண்ணைவிட்டே விரட்டிவிட்டார்கள். தீர்ப்பு மட்டும் ஏட்டில் இருந்தது.

பாலிக்குக் கடிதம் எழுதுவதை மட்டும் அவர் விடவில்லை. 1824 பிப்ரவரியில் வாஷிங்டனில் கீழே விழுந்து தோள்மூட்டு விலகிவிட்டது. படுத்துக்கிடந்த நேரத்தில் எழுதிய கடிதத்தில் வலியைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. யார்க் நகரத்தில் முதலில் பார்த்த நடன விருந்து, சின்னச் சின்னச் சண்டைகள், இன்னொருத்தன் பாலியைச் சுற்றி வந்தபோது தமக்கு இருந்த பொறாமை, ஒரு கற்றை முடி என்று நாற்பது வருஷத்துக்கு முந்தியதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார். அந்த முடிக்கு ஒரு கதை உண்டு. பெண் கேட்டபோது பாலி சரியாகப் பதில் சொல்லவில்லை. மறுத்துவிட்டாள் என்று இவர் கிளம்பிவிட்டார். சொந்தக்காரர் ஒருத்தர் பாலியின் முடிக்கற்றை ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து கொடுத்தாராம்.

1831 அக்டோபரில் பிலடெல்பியாவில் அவருக்கு மூத்திரப்பைக் கல் ஆபரேஷன். மயக்க மருந்து இல்லாத காலம். 76 வயசு. ஏறக்குறைய ஆயிரம் சின்னக் கற்களை எடுத்தார்கள். பிழைத்து எழுந்து ரிச்மண்ட் திரும்பினார். அந்த டிசம்பர் 25ஆம் தேதி பாலி இறந்தார். அந்த முடி வைத்த லாக்கெட்டைக் கடைசியாகப் பாலியே புருஷன் கழுத்தில் போட்டுவிட்டார் என்று குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து, திவசம் மாதிரி அதே நாளில், மார்ஷல் பாலியைப் பற்றித் தனியாக உட்கார்ந்து எழுதி வைத்தார். அதை அனுப்ப இனி முகவரி இல்லை.

1835 ஜூலை 6ஆம் தேதி பிலடெல்பியாவில் மார்ஷலும் இறந்தார். அப்பாவைப் பார்க்க ஓடி வந்த மூத்த மகன் தாமஸ், வழியில் பால்டிமோரில் புயலில் புகைக்கூண்டு இடிந்து விழுந்து அடிபட்டு, சில நாள் முன்னேயே இறந்துபோனார். சாகக் கிடந்த அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. பிள்ளையின் உயிரைத் தாயிடம் மறைத்தவரிடம், பிள்ளையின் சாவை மற்றவர்கள் மறைத்தார்கள். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கர்மா என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. மறைத்தவர்கள் இரண்டு தடவையும் அன்பினால்தான் மறைத்தார்கள்.

இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் தம் கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார். இன்னாருடைய மகன், இன்ன நாள் பிறந்தேன், இன்ன நாள் மேரி ஆம்ப்ளரைக் கட்டிக்கொண்டேன், இன்ன நாள் போனேன். அவ்வளவுதான். 34 வருஷத் தலைமை நீதிபதிப் பதவி அதில் இல்லவே இல்லை.

முகாமில் பேசி முடித்ததும் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். வீட்டில் யாரிடம் எதைச் சொல்லாமல் வைத்திருக்கிறோமோ, அதைக் கடிதமாக எழுதச் சொன்னேன். அனுப்புவதும் அனுப்பாததும் அவரவர் விருப்பம். அரை மணி நேரம் மண்டபத்தில் பேனாச் சத்தம் மட்டும்தான். நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து ஒன்று எழுதினேன். அதை அடுத்த நாளே தபாலில் போட்டுவிட்டேன். ஆபீஸ் மேசையிலேயே தங்கிப்போகிற கடிதம் என்னென்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியுமே.